ஆப்பர்ச்சூனிட்டி கார்டு எடுத்து ஜெர்மனி போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. பி.இ. மெக்கானிக்கல், அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். கோவையில் வார்ப்பும் மெஷினிங்கும் செய்யும் ஒரு கம்பெனியில் 9 வருடமாக குவாலிட்டி இன்ஜினியர். சம்பளம் மாதம் 62,000 ரூபாய். எங்கள் உற்பத்தியில் பாதிக்கு மேல் ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்குத்தான் போகிறது. மனைவி தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. 4 வயதில் ஒரு மகள். ஜெர்மனியில் ஆள் பற்றாக்குறை என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். இங்கே ஒரு கன்சல்டன்சி, ஆப்பர்ச்சூனிட்டி கார்டு எடுத்துத் தர மூன்றரை லட்சம் கேட்கிறது. "உங்களுக்கு பாயின்ட் நிறைய இருக்கிறது, போய் இறங்கினால் மூன்று மாதத்தில் வேலை" என்கிறார்கள். ஜெர்மன் ஏ1 முடித்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பலாமா? குடும்பத்தை எப்போது கூட்டிக்கொள்ள முடியும்?

பதில்: வேலையை விடாதீர்கள். மூன்றரை லட்சத்தையும் கொடுக்காதீர்கள். ஜெர்மனி எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் ஒரு வரி, கன்சல்டன்சிக்காரர் எண்ணிக் காட்டிய பாயின்ட் எல்லாவற்றையும்விட மதிப்பானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு நடுத்தர இயந்திரக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் படிப்பது என் அன்றாட வேலை. எனவே விசாவைவிட, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்கள் விண்ணப்பத்தை எப்படிப் பார்ப்பார் என்பதையே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தக் கார்டு. 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது அதிகபட்சம் ஓராண்டு ஜெர்மனியில் தங்கி வேலை தேடுவதற்கான அனுமதி. தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலை பார்க்கலாம். ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை முறையில் வேலை செய்து காட்டலாம். அவ்வளவுதான். வேலை கிடைக்கும் என்ற உறுதி அதில் எங்கும் இல்லை. கன்சல்டன்சிகள் பெண் பார்க்கப் போவதற்கான பஸ் டிக்கெட்டைக் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி விற்கிறார்கள்.

வயது, மொழி, அனுபவம் போன்றவற்றுக்கு மதிப்பெண் போடும் அந்தப் பாயின்ட் கதையும் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்று பார்க்க ஆனாபின் என்ற அரசுத் தரவுதளம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எதிரே 'எச் பிளஸ்' (H+, அதாவது அங்கீகாரம் உண்டு) என்றும், உங்கள் பட்டத்துக்கு எதிரே ஜெர்மன் பட்டத்துக்கு இணையானது என்றும் இருந்தால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் முழுத் தகுதி பெற்ற பணியாளர். அப்படிப்பட்டவர்கள் பாயின்ட் கணக்குக்குள்ளேயே போக வேண்டியதில்லை, அந்தக் கார்டுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். தளம் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும். பிரவுசரின் மொழிபெயர்ப்பை வைத்தே சமாளித்துவிடலாம். உங்கள் பட்டம் அதில் இல்லையென்றால் ஜெர்மனியின் வெளிநாட்டுக் கல்வி மைய அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 200 யூரோ சொச்சம். விசா விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஆன்லைன் போர்ட்டலில் நீங்களே போடலாம், அதற்குக் கட்டணம் 75 யூரோ. மூன்றரை லட்சம் எதற்கு என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கையில் காட்ட வேண்டிய பணம் வேறு இருக்கிறது. 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ. ஓராண்டுக்கு 13,092 யூரோ. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். இது கட்டணம் இல்லை, முடக்கப்பட்ட கணக்கில் போட்டு மாதாமாதம் நீங்களே எடுத்துச் செலவு செய்யும் உங்கள் பணம். ஆனால் வேலை கிடைக்கவில்லையென்றால் அது கரைந்துதான் போகும். வாரம் 20 மணி நேரம் 2025-இன் குறைந்தபட்ச ஊதியத்தில் உழைத்தால், பிடித்தத்துக்கு முன் மாதம் 1,100 யூரோ அளவுக்கு வரும், உயிர் வாழ முடியும். ஆனால் உணவு டெலிவரி செய்துகொண்டே ஓராண்டு ஓடிவிட்டால், உங்கள் 9 வருட அனுபவத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்துவிடும். விண்ணப்பத்தைப் படிக்கிறவர் முதலில் நிற்கிற இடம் அந்த இடைவெளிதான்.

சரி, இப்போது ஆள் பற்றாக்குறைக்கு வருவோம். பற்றாக்குறை இருப்பது உண்மை. செவிலியர், முதியோர் பராமரிப்பாளர், எலக்ட்ரீஷியன், ஹீட்டிங் டெக்னீஷியன், பஸ் லாரி ஓட்டுநர், குழந்தைகள் காப்பகப் பணியாளர் இவர்களுக்கெல்லாம் இங்கே ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். இன்ஜினியர்களும் அதிகாரப்பூர்வமான பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் அதே நேரத்தில், 2025 ஆகஸ்டில் ஜெர்மனியின் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. பத்து ஆண்டுகளில் அதுதான் முதல்முறை. 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் பொருளாதாரம் சுருங்கியது. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. கார் பாகங்கள் செய்யும் இசட்எஃப் 2028-க்குள் 14,000 வரை குறைக்கப்போவதாக அறிவித்தது. போஷ் 2025 செப்டம்பரில் மேலும் 13,000 என்றது. அதாவது, கார் பாகங்களில் குவாலிட்டி அனுபவம் உள்ள, ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட, விசா தேவைப்படாத ஆட்கள் இப்போது சந்தையில் நிற்கிறார்கள். நீங்கள் எங்கள் மாநிலத் தலைநகர் ஸ்டுட்கார்ட்டில் போய் இறங்கினால் போட்டி அவர்களோடுதான்.

அதனால் கார் துறையின் பெரிய பெயர்களை மட்டும் குறிவைக்காதீர்கள். இங்கே வேலைகள் பெரிதும் நடுத்தரக் குடும்பக் கம்பெனிகளில், சின்ன ஊர்களில் இருக்கின்றன. டுட்லிங்கன் என்று ஓர் ஊர். அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்கு உலக அளவில் பெயர் பெற்றது. துல்லிய மெஷினிங் தெரிந்த குவாலிட்டி ஆட்கள் அங்கே தேவைப்படுவார்கள், ஆனால் மருத்துவக் கருவிகளுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 13485 படித்துக்கொண்டு போக வேண்டும். ஹோஹென்லோஹே வட்டாரத்தில் கூன்செல்ஸாவ், முல்ஃபிங்கன் போன்ற ஊர்கள். பஸ் மணிக்கு ஒன்று வந்தால் அதிர்ஷ்டம், ஆனால் தொழிற்சாலை விசிறி மோட்டார்களில் உலகச் சந்தையைப் பிடித்து வைத்திருக்கும் கம்பெனிகள் அங்கேதான் இருக்கின்றன. பம்பு என்றால் ஃபிராங்கன்தாலில் கேஎஸ்பி, டோர்ட்முண்டில் வீலோ. கோவைக்காரருக்குப் பம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ராணுவத் தளவாடக் கம்பெனிகளும் நிறைய ஆள் எடுக்கின்றன, ஆனால் பாதுகாப்புச் சரிபார்ப்பு இருப்பதால் இந்தியக் குடிமகனுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"மூன்று மாதத்தில் வேலை" என்பதையும் இங்குள்ள நடைமுறையோடு வைத்துப் பாருங்கள். விளம்பரம் வரும், விண்ணப்பங்கள் சேரும், ஆன்லைனில் ஒரு நேர்காணல், பிறகு துறைத் தலைவரோடு இன்னொன்று. 20 பேருக்கு மேல் இருந்து, ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் மன்றமும் இருக்கிற கம்பெனி என்றால் அந்த மன்றத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு ஒரு வாரம். நடுவில் துறைத் தலைவர் மூன்று வாரம் கோடை விடுமுறையில் போய்விடுவார், யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் வழக்கத்தில் இரண்டு மூன்று மாதம் சர்வ சாதாரணம். இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. இன்ஜினியர் நிலையில் இங்குள்ளவர்களுக்கே மூன்று மாத நோட்டீஸ் சகஜம் என்பதால், தேர்வானவர் மூன்று நான்கு மாதம் கழித்து வருவது எங்களுக்குப் புதிதல்ல. "நேரில் வந்து நிற்பவரைத்தான் எடுப்பார்கள்" என்பது மிகச் சிறிய கம்பெனிகளுக்குப் பொருந்தும். மற்றவர்கள் கோவையில் இருக்கிறவரையும் எடுப்பார்கள். கம்பெனி விரும்பினால் 411 யூரோ கட்டி விசாவை வேகப்படுத்தும் நடைமுறையும் இருக்கிறது. அதைக் கம்பெனிதான் உள்ளூர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தொடங்க வேண்டும்.

இனி, முதலில் சொன்ன அந்த ஒரு வரி. உங்கள் உற்பத்தியில் பாதிக்கு மேல் ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்குப் போகிறது.

இங்குள்ள இயந்திரக் கம்பெனிகள் வார்ப்பையும் மெஷினிங் பாகங்களையும் இந்தியாவிலிருந்து வாங்குகின்றன. வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியிலும் சப்ளையர் குவாலிட்டி என்று ஒரு பிரிவு இருக்கும். பாகம் சரியில்லாமல் வந்தால் சப்ளையரோடு பேசி, காரணம் கண்டுபிடித்து, மீண்டும் நடக்காமல் செய்வது அவர்கள் வேலை. அந்தப் பிரிவில் இருப்பவர்களுக்கு வார்ப்பில் ஏன் துளை விழுகிறது என்பது தெரியும். ஆனால் கோவை ஃபவுண்டரியில் இரண்டாம் ஷிஃப்டில் என்ன நடக்கிறது, "செய்துவிடலாம் சார்" என்று சப்ளையர் சொன்னால் அதற்கு அர்த்தம் என்ன, எந்த ரிப்போர்ட் கடைசி நேரத்தில் எழுதப்பட்டது என்பதெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சாதாரண குவாலிட்டி இன்ஜினியர் வேலையில் நீங்கள் ஜெர்மன் சரியாகப் பேசத் தெரியாத ஓர் ஆள். சப்ளையர் குவாலிட்டி வேலையில், இந்தியப் பக்கத்தை உள்ளிருந்து தெரிந்த ஆள். அங்கே சப்ளையரோடு பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும், தமிழ் தெரிந்தால் இன்னும் நல்லது.

எனவே தேடும்போது சப்ளையர் குவாலிட்டி, சப்ளையர் டெவலப்மென்ட், குளோபல் சோர்சிங் ஆகிய தலைப்புகளில் தேடுங்கள். சுயவிவரத்தில் "குவாலிட்டி கன்ட்ரோல் செய்தேன், ரிப்போர்ட் தயாரித்தேன்" என்று எழுதாமல், எந்தப் பாகம், எந்த உலோகம், எந்த டாலரன்ஸ், எந்த நாட்டு வாடிக்கையாளர், புகார் வந்தபோது 8டி (காரணம் கண்டு திருத்தும் எட்டுப் படி முறை) யார் நடத்தியது, குறை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர் ரகசியம் என்றால் பெயரை விட்டுவிடலாம். கார்த் துறைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 தெரியும் என்பதில் யாரும் வியக்க மாட்டார்கள். விடிஏ 6.3 தணிக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் நான் நிமிர்ந்து பார்ப்பேன், ஏனென்றால் அது ஜெர்மன் கார்த் துறையின் சொந்த முறை. அதற்கான பயிற்சி இந்தியாவிலேயே கிடைக்கிறது. மூன்றரை லட்சத்தில் ஒரு சிறு பகுதியை அதில் போடுங்கள்.

உங்கள் தற்போதைய வாடிக்கையாளரிடமே கேட்கலாமா என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் முதலில் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். தணிக்கைக்கு வருகிற ஜெர்மானியரிடம் ஃபவுண்டரிக்குள் நின்றுகொண்டு வேலை கேட்க வேண்டாம், அவருக்குச் சங்கடம், உங்களுக்கு ஆபத்து. உங்கள் வேலையை அவர் அறிந்திருக்கிறார் என்பதே போதும். பிறகு லிங்க்ட்இன்னில் ஒரு மரியாதையான செய்தி போதுமானது.

மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். மொழி நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும். முதல் படியான ஏ1 வைத்துக்கொண்டு வேலை தேடினால் உங்களுக்கான விளம்பரங்கள் மிகக் குறைவு. பி1 இருந்தால் சப்ளையர் குவாலிட்டி போன்ற வேலைகளில் பேச்சு தொடங்கும். பி2 இருந்தால் சந்தையின் பெரும்பகுதி திறக்கும். விளம்பரத்தில் சரளமாகப் பேரம் பேசும் அளவுக்கு ஜெர்மன் வேண்டும் என்று போட்டிருந்தால் அது சி1, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பேச்சிலும் எழுத்திலும் நல்ல ஜெர்மன் என்றால் பி2 எதிர்பார்க்கிறார்கள். நல்ல பி1-உடன் துணிந்து விண்ணப்பிக்கலாம். கோவையில் ஜெர்மன் கற்றுத்தரும் கோய்தே சென்ட்ரம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பி1 வரை போக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இங்கே வந்ததும் ஷ்வேபிய வட்டார வழக்கைக் கேட்டு நீங்கள் படித்தது ஜெர்மன்தானா என்று சந்தேகம் வரும். பயப்பட வேண்டாம், வட ஜெர்மனிக்காரர்களுக்கும் அதே சந்தேகம் வருகிறது.

காகிதங்களில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் ஊர் ரிலீவிங் லெட்டர், "இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை செய்தார், வாழ்த்துகள்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். இங்கே வேலைச் சான்று என்றால் ஒன்றிரண்டு பக்கம்: என்ன பொறுப்பு, என்ன இயந்திரங்கள், எப்படி வேலை செய்தார் என்று. உங்கள் மேலாளரிடம் அப்படி ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். முன்பு வேலை பார்த்த இடங்கள் இருந்தால் அவற்றிலும்.

சம்பளத்தை நேர்காணலில் உங்களிடமே கேட்பார்கள், அதுவும் வருடக் கணக்கில், பிடித்தத்துக்கு முந்தைய தொகையாக. நம் ஆட்கள் கூச்சப்பட்டு "கம்பெனி விதிப்படி" என்பார்கள். அது இங்கே தயாராக வராதவரின் பதிலாகப் படும். கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை என்ட்கெல்ட்அட்லஸ் என்ற இலவசத் தளத்தை வைத்திருக்கிறது. தொழிலையும் மாநிலத்தையும் கொடுத்தால் அங்கே வாங்கும் நடுநிலைச் சம்பளத்தைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரு எண் சொல்லுங்கள். வேலை ஒப்பந்தம் கிடைத்தால் நீங்கள் போக வேண்டிய வழி ப்ளூ கார்டு, அதாவது குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வேலை கிடைத்த பட்டதாரிகளுக்கான வசிப்பு அனுமதி. இன்ஜினியரிங் போன்ற பற்றாக்குறைத் தொழில்களுக்கு 2025-இல் வருடச் சம்பளம் குறைந்தது 43,759.80 யூரோ இருக்க வேண்டும், மற்றவற்றுக்கு 48,300. இந்த எல்லை ஆண்டுதோறும் ஜனவரியில் மாறும், எனவே விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்தாலும் பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை அனுமதி ஒன்று இருக்கிறது. உங்கள் வயதில் அதற்குச் சம்பள எல்லை கிடையாது, உள்ளூர்க்காரருக்குத் தருவதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. ஒன்றில் கவனம் தேவை: ஆட்களை வேறு கம்பெனிக்கு வாடகைக்கு அனுப்பும் ஏஜென்சியின் ஒப்பந்தம் என்றால், அதை வைத்து விசா பெரும்பாலும் கிடைக்காது. கையெழுத்துக்கு முன் எங்கே, யாருக்காக வேலை என்று கேளுங்கள்.

வருடம் 48,000 யூரோ என்றவுடன் நூறால் பெருக்கி 48 லட்சம் என்று மகிழ வேண்டாம். மாதம் 4,000. அதில் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போகத் தனி ஆளுக்கு ஏறக்குறைய 2,600 கையில் வரும். மனைவி கூட இருந்து அவருக்கு வருமானம் இல்லையென்றால் வரி வகுப்பு மாறி 2,900 அளவுக்கு வரும், குழந்தைக்கு அரசு தரும் மாத உதவித்தொகை (2025-இல் 255 யூரோ) தனி. ஸ்டுட்கார்ட்டில் மூவருக்கான வீட்டுக்கு இதில் பாதி போய்விடும். டுட்லிங்கனில் மிச்சம் பிடிக்கலாம்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை தேடும் கார்டில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ப்ளூ கார்டில் நிலைமையே வேறு. மனைவிக்கு ஜெர்மன் தேர்வு கட்டாயமில்லை, வந்த பிறகு அவர் எந்த வேலையும் பார்க்கலாம். 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பி1 இருந்தால் 21 மாதத்திலேயே. வேலையோடு போவதற்கும் வேலை தேடிப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வீட்டில் உணரப்போவது அவர்கள் இருவரும்தான்.

ஆனால் உங்கள் மனைவியோடு உட்கார்ந்து இதையும் பேசுங்கள். இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் பணி சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் இரண்டு பாடங்களில் தகுதி கேட்கும், ஜெர்மனும் சி1, சி2 அளவில் வேண்டும். கணித ஆசிரியர்களுக்குத் தேவை இருந்தும் அவர் வகுப்பறைக்குள் போகச் சில ஆண்டுகள் ஆகும். சர்வதேசப் பள்ளிகள் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. அவருடைய வேலையையும் எண்ணித்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கார்டு யாருக்குமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒருவருடம் கழித்து உங்களிடம் பி2 இருக்கிறது, கோவையிலிருந்து அனுப்பிய விண்ணப்பங்களுக்கு ஆன்லைன் நேர்காணல்கள் வருகின்றன, ஆனால் "நேரில் வந்து பார்க்க முடியுமா" என்ற இடத்தில் நின்றுபோகிறது என்றால் அப்போது எடுங்கள். முடிந்தால் வேலையை விடாமல் சம்பளமில்லா விடுப்பு கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு நேர்காணல்கூட வரவில்லையென்றால் கார்டு எடுத்து வந்தாலும் அதே அமைதிதான் இருக்கும். அப்போது திருத்த வேண்டியது சுயவிவரமும் மொழியும்.

கன்சல்டன்சிக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், என்ன சேவைக்கு எவ்வளவு, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை இப்போதே எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிற எவரும் இந்திய அரசின் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாப்பாளரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அரசின் இமைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். உரிமம் உள்ளவர்களும் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. "நாங்கள் வேலை வாங்கித் தரவில்லை, விசா ஆலோசனை மட்டும்" என்று அவர்கள் பதில் சொன்னால், மூன்று மாதத்தில் வேலை என்று சொன்னதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.